இது உங்கள் ரத்தம்தானா?

காலை ஏழு மணி. வெறும் வயிறு. ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. லேப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் டோக்கனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கதவு திறக்கிறது. டெக்னீஷியன் பெண் எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிறார்.

"லட்சுமி... லட்சுமி யாரும்மா?"

மூன்று பேர் எழுந்து நிற்கிறார்கள்!

ஒருவர் எஸ். லட்சுமி. இன்னொருவர் ஆர். லட்சுமி. மூன்றாவது பாட்டியின் பெயர் விஜயலட்சுமி. காது கொஞ்சம் மந்தம் என்பதால் "லட்சுமி" மட்டும்தான் அவருக்குக் கேட்டது. அவரும் எழுந்துவிட்டார்.

சிரிக்க வேண்டிய காட்சிதான். ஆனால் இதே குழப்பம் நாற்காலியில் நடக்காமல் ரத்தக் குழாயில் நடந்தால்? ஒரு லட்சுமியின் சர்க்கரை அளவு இன்னொரு லட்சுமியின் ரிப்போர்ட்டில் ஏறினால்? சர்க்கரையே இல்லாதவர் மாத்திரை விழுங்குவார். சர்க்கரை இருப்பவர், 'அப்பாடா, நார்மல்!' என்று ஸ்வீட் பாக்கெட்டைப் பிரிப்பார்.

இந்த விபரீதம் நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் உங்கள் ரத்தக் குழாயின் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாக இருக்குமே, அதேதான். பார்கோடு! சோப்பு டப்பாவிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் பார்க்கிற அதே கோடுகளின் சொந்தக்காரர்தான் இவர்.

அந்த ஸ்டிக்கர் என்ன செய்கிறது? என்ன செய்யாது? அதை நம்பி நாம் நிம்மதியாக இருக்கலாமா? வாருங்கள், உங்கள் ரத்தத்தின் பின்னாலேயே ஒரு நடை போய்ப் பார்ப்போம்.

மெஷின் தப்பு செய்வதில்லையா?

'லேப் ரிப்போர்ட் தப்பு' என்றதும் நம்மில் பலர் மெஷினைத்தான் திட்டுகிறோம். "மெஷின் பழசு போல" என்று சொல்லிவிடுகிறோம். உண்மை வேறு.

இத்தாலியில் பதுவா என்று ஓர் ஊர். கோடி அற்புதர் புனித அந்தோணியாரின் ஊர் என்றால் உங்களுக்கு உடனே புரியும். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று மக்கள் நம்புகிற அதே அந்தோணியார்தான். அந்த ஊர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு லேபில் பிளெபானி, கரரோ என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள், தப்பு எங்கே நுழைகிறது என்று மூன்று மாதம் உட்கார்ந்து தேடினார்கள். 1997ல் முடிவை வெளியிட்டார்கள்.

மொத்தம் 40,490 டெஸ்டுகள். அவற்றில் தப்பு 189. அந்தத் தப்புகளில் 68.2 சதவிகிதம், ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்தவை! மெஷினில் டெஸ்ட் செய்யும்போது ஏற்பட்டவை 13.3 சதவிகிதம்தான். மீதி, டெஸ்ட் முடிந்து ரிப்போர்ட் போய்ச் சேருவதற்குள் நடந்தவை.

பயப்படாதீர்கள். அந்த 189ல் முக்கால்வாசி யாரையும் பாதிக்கவில்லை. ஆனால் 12 நோயாளிகளுக்குத் தேவையில்லாத சிகிச்சையோ, சிகிச்சையில் தவறான மாற்றமோ நடந்திருந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் நம் அம்மாவாக இருந்தால் 'வெறும் பன்னிரண்டுதானே' என்று சொல்வோமா?

அதே குழு பத்து வருடம் கழித்து, 2007ல் மறுபடியும் ஒரு கணக்கை வெளியிட்டது. 51,746 டெஸ்டுகளில் 160 தப்புகள். குறைந்திருக்கிறது. ஆனால் அப்போதும் 61.9 சதவிகிதம் மெஷினுக்கு முன்னால்தான்.

ஆக, கண்காணிக்க வேண்டிய இடம் மெஷின் இருக்கிற ஏ.சி. ரூம் மட்டுமல்ல. ஊசி குத்துகிற நாற்காலியும்தான்!

மணலில் பிறந்த கோடு

இந்தக் கோடுகளின் கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் நார்மன் ஜோசப் உட்லண்ட் என்ற இளைஞர், மளிகைக் கடை பில் போடுவதை எப்படிச் சுலபமாக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். மயாமி கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது விரல்களை மணலில் ஊன்றித் தன் பக்கமாக இழுத்தாராம். தந்தியில் வருகிற புள்ளியும் கோடும் நீண்டு, மெல்லிய கோடாகவும் தடித்த கோடாகவும் மாறின. பிறந்தது பார்கோடு! நண்பர் பெர்னார்ட் சில்வருடன் சேர்ந்து 1952ல் காப்புரிமையும் வாங்கினார்.

ஆனால் கடைக்கு வர இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1974 ஜூன் 26ம் தேதி, ஒஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரின் சூப்பர் மார்க்கெட்டில் முதல் முறையாக இன்றைய பார்கோடு ஸ்கேன் செய்யப்பட்டது. வாங்கிய பொருள் என்ன தெரியுமா? ஒரு பாக்கெட் சூயிங்கம்!

சூயிங்கத்தில் ஆரம்பித்த கோடு பிறகு ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்தது. ரத்தக் குழாய், ரத்த வங்கிப் பை, நோயாளியின் கைப்பட்டை என்று எல்லாவற்றிலும் இடம் பிடித்துவிட்டது.

குழாயின் பயணம்

கவுன்ட்டரில் உங்கள் பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் கேட்டு கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள் இல்லையா? அந்த நிமிடமே கம்ப்யூட்டர் உங்கள் சாம்பிளுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிடுகிறது. லேபில் லட்சுமி முப்பது பேர் இருக்கலாம். அந்த நம்பர் மட்டும் ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் கோடுகளாக அச்சடித்து ஸ்டிக்கர் ஆக்குகிறார்கள்.

அடுத்தது குழாய். மூடியின் நிறம் ஏன் விதவிதமாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அழகுக்காக இல்லை. கத்தரிப்பூ நிற மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கிறது. ரத்த அணுக்களை எண்ணுவதற்கும், மூன்று மாத சராசரி சர்க்கரை டெஸ்டுக்கும் இது. சாம்பல் நிற மூடிக் குழாயில் ஃப்ளோரைடு இருக்கும். ரத்தத்தை எடுத்த பிறகும் அதில் உள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 7 சதவிகிதம் வரை குறையும்! அந்தத் தீனியைக் கட்டுப்படுத்தத்தான் ஃப்ளோரைடு. வெளிர்நீல மூடி, ரத்தம் உறையும் தன்மையைப் பார்க்க.

குழாய் மாறினால் என்ன ஆகும்? கத்தரிப்பூக் குழாயில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் கலந்த உப்பு. அந்த ரத்தத்தில் பொட்டாசியம் டெஸ்ட் செய்தால் அளவு தாறுமாறாக ஏறிக் காட்டும், கால்சியம் இறங்கிக் காட்டும். நோயாளிக்கு ஒன்றும் இருக்காது. ரிப்போர்ட்டைப் பார்க்கிற டாக்டருக்குத்தான் நெஞ்சு படபடக்கும்! அதனால்தான் பல லேப்களில் ஸ்டிக்கரிலேயே எந்த நிறக் குழாய் என்று சின்ன எழுத்தில் அச்சாகி வருகிறது.

பிறகு குழாய் மெஷினுக்குப் போகிறது. இங்கேதான் வேடிக்கை. மெஷின் கோடுகளைப் படித்து, லேப் கம்ப்யூட்டரிடம் கேட்கிறது: "இந்த நம்பருக்கு என்ன டெஸ்ட் செய்யணும்?" கம்ப்யூட்டர் சொல்கிறது: "சர்க்கரை, கிரியாட்டினின், கொழுப்பு." மெஷின் அதை மட்டும் செய்து, முடிவை அதே நம்பருக்குத் திருப்பி அனுப்புகிறது. நடுவில் யாரும் பேனா எடுக்கவில்லை. யாரும் பெயர் எழுதவில்லை. 6 என்பதை 9 என்று படிக்க ஆளில்லை.

கோடு கொஞ்சம் கிழிந்திருந்தால்? அதிலும் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். நல்ல பார்கோடுகளில் நம்பரோடு கூட, அதைக் கூட்டிக் கழித்துச் சரிபார்க்கும் ஒரு குறியும் சேர்ந்தே இருக்கும். கணக்கு உதைத்தால் மெஷின் 'படிக்க முடியவில்லை' என்று சாம்பிளை ஒதுக்கிவிடும். ஸ்டிக்கரைக் கோணலாகவோ சுருக்கமாகவோ ஒட்டினாலும் இதே கதைதான். அப்போது யாராவது நம்பரைக் கையால் தட்ட வேண்டிவரும். பழைய வம்பு மறுபடியும் எட்டிப் பார்க்கிற இடம் அது! ஸ்டிக்கரை நேராக ஒட்டுவதும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.யின் ஆதரவில் 2012ல் வெளியான ஓர் அலசல், அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சாம்பிள் ஆள்மாறாட்டத்தைக் குறைக்க பார்கோடு உதவுகிறது, எல்லா லேபும் பின்பற்றத் தக்கது என்று சொல்லிவிட்டது.

கோடு இல்லாமல் பேசும் ஸ்டிக்கர்

சரி, ஆர்.எஃப்.ஐ.டி. என்கிறார்களே, அது என்ன? புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதே ஃபாஸ்டேக், அது ஆர்.எஃப்.ஐ.டி.தான்! டோல்கேட்டில் யாரும் வந்து ஸ்டிக்கரைத் தொடுவதில்லை. மேலே இருக்கிற கருவி ரேடியோ அலையை வீசுகிறது. ஸ்டிக்கருக்குள் இருக்கிற குட்டி சிப், அந்த அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு 'நான் இன்ன நம்பர்' என்று பதில் சொல்கிறது. பேட்டரி வேண்டாம்.

பார்கோடைக் கண்ணால் பார்த்துத்தான் படிக்க முடியும். ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். ஆர்.எஃப்.ஐ.டி. அப்படி இல்லை. டப்பாவைத் திறக்காமலே உள்ளே இருக்கிற சாம்பிள்களை மொத்தமாக எண்ணிவிடலாம். 'ஐம்பது அனுப்பினோம், நாற்பத்தொன்பதுதான் வந்திருக்கு' என்பது உடனே தெரிந்துவிடும்.

இதற்கு நல்ல உதாரணம், அமெரிக்காவில் ராச்செஸ்டரில் இருக்கும் மேயோ கிளினிக். அங்கே எண்டோஸ்கோப்பி செய்யும் பிரிவில், குடலிலிருந்து சின்னச் சின்னச் சதைத் துணுக்குகளை எடுத்து, புட்டியில் போட்டு, பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். புற்றுநோயா இல்லையா என்று சொல்லப்போகிற துணுக்குகள்! ரத்தம் என்றால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மறுபடியும் குழாயை விட வேண்டும். சில நேரம் மறுபடி எடுக்க அங்கே துணுக்கே இருக்காது.

2007ன் முதல் மூன்று மாதத்தில் அங்கே 8,231 புட்டிகளில் 765 லேபிள் பிழைகள் இருந்தன. எல்லாம் உயிர் போகிற பிழைகள் அல்ல, எழுத்துப் பிழையும் சேர்த்துத்தான். அதன் பிறகு மூன்று காரியம் செய்தார்கள். ஒன்று, புட்டிகளில் ஆர்.எஃப்.ஐ.டி. ஸ்டிக்கர். இரண்டு, காகிதச் சீட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர். மூன்று, 'இது இன்னாருடையது, இன்ன இடத்தில் எடுத்தது' என்று நர்ஸும் டாக்டரும் இருவருமே உறுதி செய்வது. 2008ன் முதல் மூன்று மாதத்தில் 8,539 புட்டிகளில் பிழைகள் எத்தனை தெரியுமா? வெறும் 47!

அந்த மூன்றாவது காரியத்தை மறுபடி ஒரு தடவை படியுங்கள். சிப் மட்டும் இந்த அற்புதத்தைச் செய்யவில்லை. இரண்டு மனிதர்கள் நின்று, பார்த்து, சொன்னதும் அதில் சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் எல்லா லேபிலும் இது ஏன் வரவில்லை? முதல் காரணம் காசு. பார்கோடு என்பது வெறும் காகிதமும் மையும். சிப் வைத்த ஸ்டிக்கர் அதைவிடப் பல மடங்கு விலை. இரண்டாவது, சில வகை ரேடியோ அலைகளுக்குத் தண்ணீரும் உலோகமும் ஆகாது. ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர்! மூன்றாவது, பக்கத்து மேஜை ஸ்டிக்கரும் சேர்ந்து 'நான் இங்கே இருக்கேன்' என்று பதில் சொல்லிவிடக் கூடும்.

நான்காவது முக்கியமானது. நெதர்லாந்தில் தீவிர சிகிச்சைக் கருவிகளுக்குப் பக்கத்தில் ஆர்.எஃப்.ஐ.டி.யை வைத்துச் சோதித்தார்கள். அப்போது நோயாளி யாரும் அந்தக் கருவிகளில் இணைக்கப்பட்டிருக்கவில்லை. 2008ல் வந்த அந்த ஆய்வில் 123 சோதனைகளில் 34 முறை கருவிகளில் கோளாறு தென்பட்டது. அதில் 22 ஆபத்தான ரகம். அதனால் இதை எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

கோட்டுக்குத் தெரியாத ரகசியம்

இப்போது விஷயத்துக்கு வருவோம். பார்கோடு ஆகட்டும், சிப் ஆகட்டும், இரண்டுக்குமே ஒரு விஷயம் தெரியாது.

குழாய்க்குள் இருப்பது யாருடைய ரத்தம் என்று தெரியாது!

எஸ். லட்சுமியின் ஸ்டிக்கரை ஆர். லட்சுமியின் குழாயில் ஒட்டிவிட்டால், அதன் பிறகு எல்லாம் கச்சிதமாக நடக்கும். மெஷின் சரியாகப் படிக்கும். சரியாக டெஸ்ட் செய்யும். போனில் 'உங்கள் ரிப்போர்ட் தயார்' என்று செய்தியும் வரும். தப்பு மட்டும் அப்படியே, ஒரு கீறல் இல்லாமல், வீடு வந்து சேரும்.

இதற்கு லேப்காரர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'குழாயில் வேறு ரத்தம்'. பத்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில், ரத்தம் ஏற்றுவதற்கு முன் க்ரூப் பார்க்க எடுத்த சாம்பிள்களை ஆராய்ந்து 2003ல் ஒரு கணக்கு வந்தது. சுமார் 2,000 சாம்பிளுக்கு ஒன்று இப்படி ஆள் மாறியிருந்தது. ரத்த க்ரூப் மாறி ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பல இடங்களில் க்ரூப்பை உறுதி செய்ய இரண்டாவது முறையும் தனியாக ரத்தம் எடுக்கிறார்கள். "இப்பத்தானே எடுத்தீங்க, மறுபடியுமா?" என்று கோபப்படாதீர்கள். அந்த இரண்டாவது ஊசி உங்களைக் காப்பாற்றுகிற ஊசி.

நம் ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் கொஞ்சம் அதிகம். காரணம், நம் பெயர்கள்! நமக்கு இனிஷியல்தான். ஒரு இடத்தில் முன்னால் போடுகிறோம், இன்னொரு இடத்தில் பின்னால். ஆங்கிலத்தில் எழுதும்போது லட்சுமியையே நாலு விதமாக எழுதுகிறோம். போன வருஷம் 'எஸ். முருகன்', இந்த வருஷம் 'முருகன் சுப்பையா' என்றால், கம்ப்யூட்டருக்கு நீங்கள் இரண்டு ஆள். பழைய முடிவோடு ஒப்பிட்டு, 'என்ன இது, திடீரென்று இவ்வளவு வித்தியாசம்?' என்று எச்சரிக்கிற வசதி பல லேப் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. பெயரை மாற்றி மாற்றிக் கொடுத்து அந்தக் காவல்காரனை நாமே தூங்க வைத்துவிடுகிறோம்!

பத்து விநாடி உங்கள் கையில்

ஆக, தப்பைத் தடுக்கிற முதல் ஆள் நீங்கள்தான். ஊசி குத்துகிற அந்தப் பத்து விநாடி போதும். என்னென்ன செய்யலாம்?

* "நீங்கதானே லட்சுமி?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டாதீர்கள். "எஸ். லட்சுமி, வயசு 54" என்று முழுசாகச் சொல்லுங்கள். பிறந்த தேதியையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. பெயர் ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு அடையாளம் பார்ப்பதுதான் உலகம் முழுக்க வழக்கம்.

* குழாயில் ஸ்டிக்கரை உங்கள் கண் முன்னாலேயே ஒட்டச் சொல்லுங்கள். "தங்கச்சி, பேரை ஒரு தடவை காட்டேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெயர் இல்லாத குழாய் டிரேயில் போய் உட்கார்ந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

* வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்களா? அப்பா, அம்மா இருவருக்கும் ஒரே நேரத்தில் எடுத்தால் கூடுதல் கவனம் தேவை. அப்பாவுக்கு எடுத்து, ஸ்டிக்கர் ஒட்டி முடித்த பிறகுதான் அம்மா கையை நீட்ட வேண்டும். "ரெண்டு பேருக்கும் எடுத்துட்டு அப்புறம் ஒட்டிக்கலாம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

* சிறுநீர் டப்பாவில் பெயர் எழுதும்போது மூடியில் எழுதாதீர்கள், டப்பாவில் எழுதுங்கள். மூடி கழன்றால் பெயரும் சேர்ந்து போய்விடும்!

* ஒவ்வொரு முறையும் ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே போன் நம்பர் கொடுங்கள். ஆதாரில் இருப்பது போலவே கொடுத்தால் குழப்பமில்லை.

* ரிப்போர்ட் வந்ததும் நேராக நம்பருக்குத் தாவாதீர்கள். முதலில் மேலே பாருங்கள். பெயர், வயது, ஆணா பெண்ணா, ரத்தம் எடுத்த தேதி, நேரம் எல்லாம் சரியா? நீங்கள் எட்டு மணிக்குக் கொடுத்திருக்க, ஆறரை மணி என்று இருந்தால் கேளுங்கள்.

* பழைய ரிப்போர்ட்டுகளை ஃபைலில் வைத்திருங்கள். பத்து வருடமாக நார்மலாக இருந்த கிரியாட்டினின் திடீரென்று எகிறினால், டாக்டருக்கு அந்த ஃபைல்தான் சாட்சி.

* முடிவு உங்கள் உடம்போடு ஒத்துப்போகவில்லையா? நன்றாக நடமாடுகிறீர்கள், ரிப்போர்ட் மட்டும் பயமுறுத்துகிறதா? டாக்டரிடம் காட்டி, "மறுபடி ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையை ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அதேபோல, ரிப்போர்ட் நார்மல் என்பதற்காக உடம்பு சொல்வதை ஒதுக்கவும் வேண்டாம்.

லேபைத் தேர்ந்தெடுக்கும்போது என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 15189 என்ற உலகத் தரத்தை வைத்து லேபைச் சோதித்துக் கொடுக்கிற அங்கீகாரம் அது. சாம்பிளை அடையாளம் காண்பதற்கும் அதில் விதிமுறை உண்டு. சின்ன ஊர் லேபில் பார்கோடு மெஷின் இல்லையே என்று கவலை வேண்டாம். கையால் எழுதினாலும், உங்கள் முன்னால் எழுதி, உங்களிடமே படித்துக் காட்டினால் அது நல்ல லேப்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஊசியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தப்பில்லை. ஊசி போகும்போது தாராளமாகத் திரும்பிக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டும்போது மட்டும் திரும்பிப் பார்த்துவிடுங்கள்!